வழக்குக் காணியில் பட்மின்டன்

நம் வயதுக்காரர் ஒன்றுகூடினால் சின்ன வயது விளையாட்டுக் கதை எப்படியோ வந்துவிடுகிறது. கிளித்தட்டு, எட்டுக்கோடு, மாபிள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல முகங்கள் இளகிப் போகின்றன. போன கிழமை கடற்கரை வீதியில் நடந்து களைத்து உட்கார்ந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்கள் ஒண்டும் விளையாடேல்லையோ?" என்று கேட்டார். விளையாடினேன். ஒரு வருடம்கூட நிறையாத காலம் பட்மின்டன் விளையாடினேன். அதை நினைத்தால் என் முகம் இளகாது. அன்று பதில் சொல்லாமல் எழும்பிப் போனது உங்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். அதனால் எழுதுகிறேன். இனிமையான கதை என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசியில் எங்கள் வீடு இருந்தது. அதற்கு அப்பால் தண்டவாளம், கருங்கற்கள், கடல். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் நீளமான வெற்றுக் காணி ஒன்று கிடந்தது. ஒரு லொறி தாராளமாகப் போய்வரலாம். எங்கள் காணி உறுதிப் பத்திரத்தில் அது எங்களுடையது. அவர்களுடைய உறுதியில் அவர்களுடையது. இரண்டு அப்பாமாரும் ஆளுக்கொரு உறுதியைத் தூக்கிக்கொண்டு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். தீர்ப்பு வரும்வரை அந்தக் காணியில் யாரும் ஒரு கல்லும் வைக்கக்கூடாது, ஒரு குழியும் தோண்டக்கூடாது என்று கட்டளை இருந்தது.

என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்தவர். அடுத்த வீட்டு அங்கிள் கொட்டாஞ்சேனைக்காரர். கத்தோலிக்கர். துறைமுகத்தில் வேலை. அப்பாவுக்கு மகள் நான். அவருக்கும் என் வயதில் ஒரு மகள். இரண்டு வீட்டுக்கும் ஒற்றைப் பிள்ளைகள்தான். நாங்கள் இருவரும் பம்பலப்பிட்டியில் வெவ்வேறு பாடசாலைகளில் படித்தோம். காலையில் ஒரே பஸ் தரிப்பிடத்தில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். யாரும் எங்களுக்கு அப்படி நிற்கச் சொல்லித் தரவில்லை. வீட்டுக்குள் நாள்தோறும் கேட்ட கதையே போதுமாக இருந்தது. அப்பா விடிய எழும்பி அந்தக் காணியைப் பெருக்குவார். அவர் உள்ளே வந்ததும் அங்கிள் வந்து, பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவார்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கிள் இரண்டு பழைய பெயின்ட் வாளிகளில் மண்ணை நிரப்பி, அவற்றில் இரண்டு கம்புகளை நட்டு, காணியின் குறுக்கே ஒரு வலையைக் கட்டி, சுண்ணாம்பால் கோடுகள் கீறினார். குழி தோண்டவில்லை, கல் வைக்கவில்லை. கட்டளையை மீறவில்லை. பின்னேரம் அவள் கையில் ஒரு ரக்கெட்டோடு வெளியே வந்தாள்.

அப்பா திங்கட்கிழமையே சட்டத்தரணியிடம் ஓடினார். திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"காணியை ஆர் பாவிக்கினம் எண்டதையும் கோர்ட் பாக்குமாம். அவன் பெட்டையை விளையாட விட்டுப் புழக்கம் காட்டப் பாக்கிறான். எங்கட பிள்ளை மட்டும் வீட்டுக்குள்ள இருக்கிறதோ?"

"இவளுக்கு உந்த விளையாட்டுத் தெரியாதே," என்றார் அம்மா.

"தெரியத் தேவையில்லை. நிண்டால் காணும்."

என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் அப்பா புறக்கோட்டையிலிருந்து ஒரு பழைய ரக்கெட் கொண்டுவந்தார். இப்போதைய பிள்ளைகளின் கையிலிருக்கும் இறகு மாதிரியான சாமான் இல்லை. முழுக்க மரம். மழைக் காலத்தில் வளைந்துவிடாமல் இருக்க அதை இன்னொரு மரச் சட்டத்துக்குள் வைத்து மூலைக்கு மூலை திருகாணியால் இறுக்கியிருக்கும். அந்தச் சட்டத்தை இன்று எங்கும் காண முடியாது. கைபிடியில் சுற்றியிருந்த தோல், முன்பு யாரோ வியர்த்த வியர்வையில் கறுத்திருந்தது. நரம்புகளில் ஒருவிதப் பழைய எண்ணெய் மணம். இறக்குமதிச் சாமான்கள் கிடைக்காத காலம் என்பதால் எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறார். எனக்காக அவர் அவ்வளவு அலைந்தது அதுதான் முதல் தடவை. எனக்காக இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

"போ. போய் நில்," என்றார். "அவள் உள்ளுக்குப் போற வரைக்கும் நீயும் வரக்கூடாது."

அவள் கடல் பக்கம் நின்றாள். நான் காலி வீதிப் பக்கம். ஒரே ஒரு வலை. எனக்கும் அவளைத் தவிர ஆளில்லை, அவளுக்கும் என்னைத் தவிர ஆளில்லை. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள் ஷட்டிலை என் முகத்தைப் பார்த்து அடித்தாள். நான் குனிந்து எடுத்து அவள் முகத்தைப் பார்த்து அடித்தேன். அது வலையைத் தாண்டவில்லை. அவள் சிரித்தாள். எங்கள் விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது.

சனி, ஞாயிறுகளில் அவளுடைய தாயின் தம்பி வருவார். கொட்டாஞ்சேனை மாதா கோவில் மண்டபத்தில் பட்மின்டன் ஆடிப் பழகியவர். தாடையில் ஒரு மச்சம், எப்போதும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. நான் அவரைக் கொட்டாஞ்சேனை மாமா என்று மனதுக்குள் பேர் வைத்திருந்தேன். வாய்விட்டு ஒன்றும் கூப்பிட்டதில்லை. அவர் மருமகளுக்குப் பழக்க வருவார். எனக்குப் பழக்க அல்ல. முதல் நாள் நான் ரக்கெட்டைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள என்ன தோசை பொரட்டுதா?" என்று அவளிடம் கேட்டார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பிறகு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். "பூசையில சமாதானம் சொல்லி கை குடுப்பியே, அப்பிடிப் புடி. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல இங்கிலீஷ் வி எழுத்து மாதிரி தெரியணும். இறுக்காத. பஸ்ஸுல தொங்குற புடி இல்ல இது."

வலைக்கு இந்தப் பக்கம் நின்று நான் என் விரல்களைப் பார்த்தேன். மெல்லத் திருப்பினேன். வி தெரிந்தது.

அப்படித்தான் நான் பட்மின்டன் பழகினேன், நண்பர்களே. எதிரிக்குச் சொல்லிக் கொடுத்ததை எதிரே நின்று களவாகக் கேட்டு. அதில் ஒரு சங்கடம் இருந்தது. அவள் என்னைப் பார்த்தபடி நின்றதால் எல்லாம் எனக்கு மாறித் தெரிந்தது. உயரமாகச் சேர்வ் போடும்போது அவள் இடது காலை முன்னால் வைத்தால் நான் என் வலது காலை வைத்தேன். உடம்பு சுழலாமல் தடுமாறினேன். மாமா பார்த்தார், சிரித்தார், திருத்தவில்லை. அம்மாவின் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் ரக்கெட்டோடு நின்று பார்த்தபோதுதான் பிழை பிடிபட்டது. அடுத்த நாள் இடது காலை முன்னால் வைத்து, ஷட்டிலை முன்னுக்கு விட்டு, கீழிருந்து வீசினேன். அது தென்னை உயரத்துக்குப் போயிற்று. அவளுடைய முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த மாற்றத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் என்னைத் தினமும் வெளியே கொண்டுபோனது. அதற்குப் பிறகு அப்பா 'போய் நில்' என்று சொல்லத் தேவைப்படவில்லை.

காற்றுக் காலம் தொடங்கியது. பின்னேரமானால் கடல் காற்று தண்டவாளத்தைத் தாண்டி நேரே காணிக்குள் நுழையும். வாயெல்லாம் உப்பு. நான் உயரமாகப் போடும் சேர்வ் திரும்பி என் தலைக்கே வந்தது. அவள் போடுவது பின்கோட்டைத் தாண்டி எங்கள் குசினிக் கூரையில் விழுந்தது. எங்கள் பக்கம் விழுந்ததை அம்மா அடுப்பில் போட்டார். அவர்கள் பக்கம் போனதை அடுத்த வீட்டு அன்ரி குப்பைக் கூடையில் போட்டார். இறகு ஷட்டில் ஒன்று கிடைப்பது அன்று எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். ஒடிந்த இறகை நூலால் கட்டி, கேத்தல் ஆவியில் பிடித்து நிமிர்த்தி விளையாடியவர்கள் நாங்கள். இரண்டு வீட்டிலும் அவை எரிந்தும் குப்பையாகியும் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா காற்றைப் பார்த்துவிட்டு வேறொரு சேர்வ் காட்டினார். புறங்கையால் போடுவது. "கட்டைவிரல கைபிடியோட அகலமான பக்கத்துல தட்டையா வை. சாவி திருப்புற மாதிரி. ஷட்டில இறகு நுனியில புடிச்சு, இடுப்புக்குக் கீழ வச்சுக்க. அடிக்காத, தள்ளு. வலையில ஒரு ஈ குந்தி இருந்தா அது பயப்படணும், சாகக் கூடாது."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. விரல் நோகிறது என்றாள். வீசி அடிப்பதுதான் அவளுக்கு விருப்பம். நான் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குளியலறைச் சுவரில் கரியால் ஒரு கோடு கீறி, அதற்குச் சற்று மேலே படும்படி தள்ளித் தள்ளிப் பழகினேன். கட்டைவிரல் தோல் உரிந்தது. ஒரு நாள் கை தானாகச் செய்யத் தொடங்கியது. ஷட்டில் வலையை உரசுவது போலப் போய், அவளுடைய முன்கோட்டுக்கு அப்பால் செத்த பறவை மாதிரி விழும். காற்றால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அவளாலும் முடியாது. ஓடிவந்து குனிவதற்குள் நிலத்தில் கிடக்கும்.

மாமா அதைக் கண்டார். அவளிடம், "அந்தப் புள்ளையப் பாரு. ஒனக்குச் சொன்னது அதுக்கு வெளங்கிருக்கு," என்றார்.

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் அடுத்த சேர்வை அவள் முழுப் பலத்தோடு, வலைக்குக் கிட்ட வந்து என் முகத்துக்கே அடித்தாள். ஷட்டிலின் தக்கை என் புருவத்தைக் கிழித்தது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் அழவில்லை. ரக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வலைக்குக் கீழால் பாய்ந்தேன். மாமாதான் நடுவில் வந்து பிடித்தார்.

அம்மா துணியும் தண்ணீரும் கொண்டு ஓடிவந்தார். அப்பா அவரைத் தடுத்தார்.

"கழுவாதையும். அப்படியே இருக்கட்டும்."

அடுத்த நாள் காலை என்னைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. காய்ந்த இரத்தத்தோடு பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கடைக்குக் கொண்டுபோனார். பஸ்ஸில் ஒரு சிங்கள அம்மா தன் கைக்குட்டையை நீட்டினார். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். சட்டத்தரணி நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் தின்றுகொண்டிருந்தார். அப்பா என் நாடியைப் பிடித்து முகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"பாருங்கோ. அவன்ர பெட்டை செய்த வேலை. இதைக் கோர்ட்டில காட்டலாமோ?"

சட்டத்தரணி என்னைப் பார்த்தார். வாயிலிருந்ததை விழுங்கினார். "இது காணி வழக்கு ஐயா. பிள்ளையின்ர முகத்தைக் கழுவி வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார்.

கடைக்காரர் பின்னால் இருந்த பைப்பைக் காட்டினார். நானே போய்க் கழுவினேன். அப்பா கடை வாசலில் நின்று, வழக்கு எப்போது எடுபடும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் இருந்தது ஏமாற்றம். பயன்படாமல் போன ஒன்றைப் பார்க்கும் பார்வையால் என்னைப் பார்த்தார். அன்று அதற்குப் பேர் வைக்க எனக்குத் தெரியவில்லை. இன்று தெரியும்.

சில மாதங்களுக்குப் பிறகு, காணியை நேரில் பார்த்து அளந்து சொல்ல நீதிமன்றம் ஒரு நில அளவையாளரை அனுப்பியது. பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு அடுத்த நாள் வருவார் என்று இரண்டு வீட்டுக்கும் அறிவித்தல் வந்தது. அன்று காலை அப்பா என் வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்தார்.

"அவர் வரேக்க நீதான் சேர்வ் பண்ண வேணும். விளங்குதோ? அவள் போடுறதை நீ திருப்பி அடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கக் கூடாது."

அந்தப் பக்கமும் அதே கதைதான் நடந்திருக்கும். அவளும் வெள்ளைச் சட்டையில் வந்தாள். யார் முதலில் சேர்வ் போடுவது என்று இரண்டு அப்பாமாரும் குசினி வாசல்களில் நின்றுகொண்டு சத்தம் போட்டார்கள். மாமா எரிச்சலோடு, "சும்மா இருங்க ரெண்டு பேரும். சட்டப்படி ஆடட்டும்," என்றார். ஆடத் தொடங்கினோம்.

அளவையாளர் நடுத்தர வயதுச் சிங்களவர். ஒரு கையில் குடை. பின்னால் உதவியாள் நிலம் அளக்கும் சங்கிலியோடு வந்தான். வந்தவர் உடனே அளக்கவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றார். நான் அன்று ஆடியது போல அதற்கு முன்போ பின்போ ஆடியதில்லை. சேர்வ் ஒவ்வொன்றும் நான் நினைத்த இடத்தில் விழுந்தது. அவள் மூச்சு வாங்கினாள். கடைசியில் ஒரு சேர்வ் முன்கோட்டின் மேலேயே விழுந்தது. சுண்ணாம்பு தெறித்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"அவுட்," என்றாள் அவள்.

"கோட்டில பட்டது."

"அவுட்."

நாங்கள் வலையருகே முகத்துக்கு முகம் நின்றோம். அளவையாளர் சிரித்துக்கொண்டு கிட்ட வந்து, சிங்களத்தில், "நன்றாகத்தானே ஆடுகிறீர்கள். இந்தக் காற்றுக்குள் ஏன் விளையாடுகிறீர்கள்? பள்ளிக்கூடத்தில் மண்டபம் இல்லையா?" என்று கேட்டார்.

நான் அவளைப் பார்த்துக்கொண்டே, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "இவளுடைய அப்பாதான் வலை கட்டினார். வழக்குக்காக."

அவள் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. "இவளுடைய அப்பாதான் ரக்கெட் வாங்கிக் கொடுத்தார். வழக்குக்காக."

அவளைக் காயப்படுத்தத்தான் நான் சொன்னேன். என்னைக் காயப்படுத்தத்தான் அவளும் சொன்னாள். அதில் எந்த நல்லெண்ணமும் இல்லை. ஆனால் இருவரும் சொன்னது உண்மை. அதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை.

அளவையாளரின் சிரிப்பு நின்றது. அவர் முதலில் ஒரு குசினி வாசலைப் பார்த்தார், பிறகு மற்றதை. அப்பா வேகமாக நடந்து வந்தார். அவருடைய கை என் கன்னத்தில் விழுந்தது. அதற்கு முன் அவர் என்னை அடித்ததில்லை. காதுக்குள் ரயில் போகிற மாதிரிச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள், வலைக்கு அந்தப் பக்கம் அங்கிள் அவளுடைய ரக்கெட்டைப் பிடுங்கி வாளி விளிம்பில் ஓங்கி அடிப்பதைக் கண்டேன். முதல் அடியில் முறியவில்லை. முறியும்வரை அடித்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா என்று பார்த்தேன். அழவில்லை. மாமா படலையைத் திறந்துகொண்டு போனார். பிறகு அவர் அந்தப் பக்கம் வரவேயில்லை.

அளவையாளர் உதவியாளிடம் திரும்பி, "சங்கிலியை விரி," என்றார்.

அளந்து பார்த்ததில் இரண்டு உறுதியும் பிழை என்று வந்தது. அந்தக் காணி மழைத்தண்ணீர் ஓடுவதற்கென்று மாநகர சபை எப்போதோ விட்டுவைத்த நிலம். நீதிமன்றமும் அதையே சொன்னது. அடுத்த வீட்டார் அந்த வருடக் கடைசியில் வீட்டை விற்றுவிட்டு வத்தளைக்குப் போனார்கள். அவள் லொறியில் முன்னால் ஏறியதை ஜன்னலால் பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கை காட்டவில்லை.

அது போகட்டும். நான் மன்னிக்காதது வேறொன்று. தீர்ப்பு வந்த தவணையில் பாடசாலையில் பட்மின்டன் அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்தார்கள். நான் புறங்கைச் சேர்வ் போடுவதைப் பார்த்த விளையாட்டு மிஸ், "ஆர் உனக்குப் பழக்கினது?" என்று கேட்டார். நாளையிலிருந்து ரக்கெட்டோடு வரச் சொன்னார். பஸ் தரிப்பிடத்திலிருந்து வீடுவரை ஓடினேன். மரச்சட்டம் வழக்கமாக மாட்டியிருக்கும் ஆணியில் ஒன்றுமில்லை.

"கந்தோரில ஒருத்தற்ர மகன் கேட்டவன். குடுத்திட்டன்," என்றார் அப்பா. பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மிஸ் என்னை அணியில எடுத்திருக்கிறா, அப்பா."

"வழக்கு முடிஞ்சுது. இனி என்னத்துக்கு விளையாட்டு?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. அந்தக் காணியில் பின்னேரங்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை. நான் நிற்கிறேனா என்று மட்டும் பார்த்தார். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்பா நீண்ட காலம் வாழ்ந்தார். கடைசி வருடங்களில் நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன். செய்ய வேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அன்பாகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அவர் அன்று என்னை அறைந்ததைப் பற்றியோ ரக்கெட்டைப் பற்றியோ ஒருபோதும் பேசவில்லை. காணியைப் பற்றி மட்டும் பேசினார். அளவையாளர் காசு வாங்கிவிட்டார் என்பார்.

சில வருடங்களுக்கு முன் அவர் போனார். உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு உங்களில் பலர் வந்தீர்கள். தங்கமான மனிதர், மகளை ஒற்றைப் பிள்ளையாகக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர் என்று ஒவ்வொருவரும் சொன்னீர்கள். நான் காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

மத்தியானம் கடந்து, நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டிய ஒருத்தி தனியே உள்ளே வந்தாள். அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கும்பிடவில்லை. பிறகு என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். யாரோ கொடுத்த பிளேன்டீயை வாங்கிக்கொண்டாள்.

"பேப்பர்ல பாத்தேன்," என்றாள்.

"ஓம்."

"டடி செத்தப்ப நீ வரல்ல."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வந்திருக்க மாட்டன்."

அவள் தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குச் சரியாகப் பட்டது போலிருந்தது. தேநீரை ஊதி ஊதிக் குடித்தாள். பாதிக் கோப்பை முடிந்தபோது, முன்னால் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு அடிச்சதுக்கு அவரு எப்பவாவது ஒங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"இல்லை."

"டடியும் ரக்கெட்ட ஒடச்சதுக்கு ஒண்ணும் சொல்லல்ல. கடைசி வரைக்கும் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பெண்கள் நாலாபக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். "அழு பிள்ளை, அழு. தகப்பன் எல்லே," என்று ஒருவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்தார். இன்னொருவர் முதுகைத் தடவினார். அவளுக்கு இடமில்லாமல் போயிற்று. எழும்பி நின்று, மிச்சத் தேநீரை நின்றபடியே குடித்து முடித்தாள். கோப்பையைக் கதிரையின் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்து போனாள்.